குடிலில் குந்தியிருந்தவன்

கத்தலான் நாட்டுப் பின்யாரோக்காவில் மலைச்சாலை முடிகிற இடத்தில் அசும்ப்தாவின் வீடு இருக்கிறது. மாடி அறைகளை ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவாள். கீழே அவளும் அவள் புருஷன் நர்சீஸும். பிள்ளையில்லை. அதற்காக ஆண்டவரோடு கொஞ்சகாலம் பேசாமல் இருந்தாள்; பிறகு ராசியாகிவிட்டாள். விருந்தாளிகளோடு பேச அவளுக்கு வெளிப்பாஷை ஒன்றும் தெரியாது. தக்காளியைத் தேய்த்து எண்ணெய் விட்ட ரொட்டியைத் தட்டில் வைப்பாள். தின்று முடித்தால் இன்னொன்று வைப்பாள். வந்தவர்கள் கும்பிடாத குறையாக வேண்டாம் என்கிறவரை வைத்துக்கொண்டேயிருப்பாள். குளியல் தொட்டியில் சிலந்தி விழுந்தால்கூட "ஏறி வாடா ராசா" என்று துடைப்பத்தை நீட்டுகிற மனசு.

அப்பேர்ப்பட்டவள் ஒன்றே ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அது கோயிலில் வைக்கிற கிறிஸ்துமஸ் குடில்.

மாமியார் கண்ணை மூடியதிலிருந்து குடில் அவள் பொறுப்பு. தக்கை மரப்பட்டையால் மலை, காட்டுப் பாசியால் புல்வெளி, உடைந்த கண்ணாடியால் குளம், அட்டையில் மாவு ஆலை, பாலம், கிணறு. மாதா, சூசையப்பர், சம்மனசு, மூன்று ராஜாக்கள், ஆடு மாடு எல்லாம் வரிசையாக வந்து அமர்வார்கள். கடைசியாக அவன் வருவான். சிவப்புத் தொப்பி, வாயில் புகைச் சுங்கான், முட்டிவரை இறங்கிய கால்சட்டை, வெளிக்கு இருக்கிற கோலத்தில் குந்தியிருக்கிற ஒரு களிமண் குடியானவன். பின்னால் சின்னதாக ஒரு குவியலும் உண்டு. ககனே என்று அவனுக்குப் பெயர். எங்கள் பக்கத்தில் அவன் இல்லாமல் குடில் கிடையாது. ஆண்டவர் பிறக்கிற நேரம் என்று வயிறு காத்திருக்குமா? அதுவுமல்லாமல் அவன் உரம் போட்டுவிட்டுப் போனால்தானே அடுத்த வருஷம் முட்டைக்கோசு நன்றாக வரும்?

அவனை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைக்கக்கூடாது. வெளிக்கு இருக்கிறவனை யாராவது நடுக்கூடத்தில் வைப்பார்களா? ஒளித்துத்தான் வைக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குடிலைத் திறப்பார்கள். ஊரே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணால் மட்டும் தேடும். கண்டவர் அசும்ப்தாவின் காதில் சொல்ல வேண்டும். முதலில் சரியாகச் சொன்னவருக்குத்தான் கிறிஸ்துமஸுக்கு முந்தின விழிப்பு நாள் பூசையில் குழந்தை இயேசுவைத் தூக்கி வந்து தொட்டிலில் கிடத்துகிற பாக்கியம். ஒளிப்பவள் தேட முடியாதல்லவா? அதனால் இத்தனை வருஷத்தில் அசும்ப்தா மட்டும் அந்தக் குழந்தையைத் தூக்கியதில்லை. பஞ்சில் சுற்றி எடுத்துக் கொடுப்பதோடு சரி.

அவள் நாத்தனார் கெரால்ட்டுக்கு இது பொறுக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரன் பெண்டாட்டி, வாய் கொஞ்சம் நீளம்.

"எங்கம்மா வச்ச குடில். மருமக கையில இருக்கு. பெத்த பொண்ணு நான் வாசல்ல நின்னு பாக்கிறேன். நல்லாருக்கு நியாயம்!"

வருஷா வருஷம் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன எங்கள் பங்குச் சாமியார் மாகி ஒருநாள் சொல்லிவிட்டார்: "இந்தா பாரு கெரால்ட். குடில்ல ஒரு பொம்மை உடைஞ்சாலும் தொலைஞ்சாலும் அன்னைக்கே பொம்மை அலமாரிச் சாவியும் குடிலும் உனக்கு. அதுவரைக்கும் வாயை மூடு." சாமிக்கு மூன்று ஊர்க் கோயில். வாய் மூடினால் போதும் என்று சொன்னதுதான். கெரால்ட் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். அன்று முதல் குடிலுக்கு வரும்போதெல்லாம் ஆட்டுக்குட்டிகளின் காலை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

அந்த வருஷம் விடுமுறைக்கு நார்வேயிலிருந்து ஒரு தம்பதி வந்து மாடியில் தங்கினார்கள். அம்மாள் பெயர் குட்ரூன், ஐயா பெயர் டோர்லைஃப். ஐயா எதற்கும் சிரிப்பார், பேச்சு கிடையாது. அம்மாளோ கத்தலான் மக்களின் கிறிஸ்துமஸைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஏதோ பழைய இலக்கணப் புத்தகத்தை வைத்து எங்கள் பாஷையைப் படித்துவிட்டே வந்திருந்தாள்.

"மதிப்பிற்குரிய இல்லத்தரசியே, தங்கள் இல்லம் வெப்பமாக உள்ளது. நன்றி உடையேன்" என்றாள் வந்தவுடன்.

அசும்ப்தா வாயைப் பிளந்தாள். நர்சீஸ் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"என்னடி இது, பூசையில வாசகம் வாசிக்கிற மாதிரி பேசுறாங்க?"

"பேசட்டும். நாலு நாள் நம்ம வீட்லயும் நல்ல தமாஷா இருக்கட்டும்" என்றாள் அசும்ப்தா, ரொட்டியை எடுத்து வைத்தபடி.

குட்ரூன் அம்மாளும் கோயில் குளம் என்றால் உருகுகிற ஜாதிதான். அசும்ப்தாவோடு காட்டுக்குப் போய்ப் பாசி பெயர்த்தாள். கோயிலில் முட்டிபோட்டு அதை விரித்தாள். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் அனுப்பிவிட்டு, அசும்ப்தா ககனேயை மாவு ஆலைக்குப் பின்னால், கழுதையின் மறைவில் குந்த வைத்துவிட்டு, "போய்ட்டு வா ராசா, அவசரமில்லை" என்று தொப்பியைத் தட்டிவிட்டு வந்தாள்.

ஞாயிறு காலையில் உதிர்ந்த பாசியைக் கூட்டுகிறேன் என்று குட்ரூன் அம்மாள்தான் முதலில் கோயிலுக்குப் போனாள். பிறகு அசும்ப்தா போனாள். பூசை முடிந்து குடிலைத் திறந்தார்கள். கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு குனிந்தது. அசும்ப்தாவும் ஒரு கண்ணை ஆலைக்குப் பின்னால் ஓட்டினாள்.

கழுதை இருந்தது. அவன் இல்லை.

மலைக்குப் பின்னால் பார்த்தாள், பாலத்துக்கு அடியில் பார்த்தாள். அதற்குள் தபால்காரர் வந்து காதில், "ஒட்டகத்துக்குப் பின்னால, சரியா?" என்றார்.

"இல்லை" என்றாள். பொய் இல்லையே.

மருந்துக்கடை அம்மா வந்தாள். "கிணத்துக்குள்ள!"

"இல்லையே."

பிள்ளைகள், கிழவர்கள், ரொட்டிக்கடைக்காரன் எல்லாரும் ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். அவளும் இல்லை இல்லை என்று தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து பிடித்துக்கொண்டது. ஞாயிறு போனது, திங்கள் வந்தது. ஊரே அவளைப் புகழ ஆரம்பித்தது.

"என்னமா ஒளிச்சு வச்சிருக்கா! உன் மாமியார் கூட இப்படி வைக்கல, அசும்ப்தா!"

"மூளைன்னா உனக்குத்தான்."

புகழப் புகழ அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி படுக்குமுன் அந்தோணியார் படத்துக்கு முன்னால் நின்றாள். காணாமல் போன சாவி, மூக்குக்கண்ணாடி, ஒருமுறை நர்சீஸையே கண்டுபிடித்துக் கொடுத்த கோடி அற்புதர். ஆனாலும் கேட்கக் கூச்சமாக இருந்தது.

"அந்தோணியாரே, ஒருத்தரைத் தேடணும். அவர் இப்ப இருக்கிற நிலைமையை நான் வாயால சொல்ல முடியாது. உங்களுக்கே தெரியும்."

கெரால்ட்டுக்கு மட்டும் மூக்கு வியர்த்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ரொட்டி வாங்கப் போனபோது பிடித்துக்கொண்டாள்.

"மதினி, நெசமாவே ஒளிச்சியா, இல்ல தொலைச்சியா?"

"தேடு தாயி, தேடினா கிடைக்கும்னு வேதத்திலயே இருக்கு" என்றாள் அசும்ப்தா. வேர்வை வழிந்தது, வெளியே உறைபனி.

"வேதத்தில இருக்கிறது இருக்கட்டும். நாளைக்குப் பூசைக்கு முன்னால அவனை நீ காட்டணும். காட்டலைன்னா சாவியைக் கொடுத்துடு."

அன்று சாப்பாட்டில் நர்சீஸ் விருந்தாளிக்கு மூக்கு நீண்ட கண்ணாடிக் கூஜாவில் திராட்சை மது கொடுத்தான். வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிக்க வேண்டும். டோர்லைஃப் ஐயா அண்ணாந்தார். முதலில் நெற்றி குடித்தது, பிறகு காது குடித்தது, சட்டை நிறையக் குடித்தது. தொண்டைக்கு மட்டும் ஒரு சொட்டும் கிடைக்கவில்லை. ஐயா சிரித்தார். வேறு நாளாக இருந்தால் அசும்ப்தாவும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். அன்று துணியை எடுத்துத் துடைத்துவிட்டதோடு சரி. அவள் பார்வை, அடுப்போரமாகக் கம்பளி பின்னிக்கொண்டிருந்த குட்ரூன் அம்மாள் மேல் போனது. நீல நூலில் வெள்ளைப் பனிப்பூ. ஆனால் உள்ளங்கை அளவுகூட இல்லை.

"யாருக்கும்மா இது? பச்சைப் பிள்ளைக்கா?"

"இல்லை அம்மையீர். ஆடை இழந்த ஓர் ஏழைக்கு."

"இவ்வளவு சின்ன ஏழையா?"

"அவன் மிகச் சிறியவன். மிகக் குளிரில் இருந்தான்" என்றாள் குட்ரூன், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டாள் அசும்ப்தா. தன் கவலை அவளுக்கு.

மறுநாள் விழிப்பு நாள். சாமிக்கு மற்ற ஊர்களும் உண்டே, அதனால் எங்கள் ஊர்ப் பூசை சாயங்காலமே. அதற்கு முன்னால் தியோவை அடிக்க வேண்டும். கெரால்ட்டின் பிள்ளைகள் அதற்கென்று அத்தை வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார்கள். தியோ என்பது ஒரு மரக்கட்டை. முன்னால் சிரித்த முகம் வரைந்து, சிவப்புத் தொப்பி மாட்டி, குளிராமல் இருக்கக் கம்பளி போர்த்தி, கிறிஸ்துமஸ் மாதம் பிறந்ததிலிருந்து ஆரஞ்சுத் தோலும் ரொட்டியும் ஊட்டி வளர்த்திருந்தார்கள். இப்போது ஆளுக்கொரு கம்பை எடுத்துக்கொண்டார்கள்.

"கக்கா போ தியோ! கக்கா போ!" என்று மூத்தவள் தெக்லா ஒரு போடு போட்டாள்.

குட்ரூன் அம்மாள் பதறிக்கொண்டு எழுந்தாள். "நிறுத்துங்கள் குழந்தைகளே! இம்மரத்துண்டு இழைத்த பிழை யாது?"

"பிழையெல்லாம் இல்லைங்க. இன்னும் கக்கா போகல, அதான் அடிக்கிறோம்."

நர்சீஸ் விளக்கினான். "இத்தனை நாளா தின்னுருக்கும்மா. சும்மா விட்டா வருமா?"

இன்னும் நாலு அடி விழுந்தது. கம்பளியைத் தூக்கினால் வாதுமை மிட்டாய், காலுறை, வண்ணப் பென்சில் எல்லாம் கிடந்தது. பிள்ளைகள் குதித்தார்கள்.

"அத்தை! போயிடுச்சு! நிறையப் போயிருக்கு!"

"ஆண்டவருக்குத் தோத்திரம்" என்று அசும்ப்தா சிலுவை போட்டுக்கொண்டாள்.

குட்ரூன் அம்மாளின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. மெதுவாகக் கேட்டாள்: "அம்மையீர், இந்நாட்டில்… மலங்கழித்தல்… நற்செயலா?"

"பின்ன? கழிக்காம இருந்தாத்தான்மா கெட்டது. டாக்டர்கிட்ட ஓடணும்."

"திருக்குடிலிலுமா?"

"குடில்ல ஒருத்தன் இருந்தான்" என்றாள் அசும்ப்தா. "எங்க போனானோ தெரியல. நாலு நாளாச்சு."

குட்ரூன் அம்மாள் கைப்பையைத் திறந்தாள். வெள்ளைக் கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே ககனே, பனிப்பூ போட்ட நீலக் கம்பளிக் கால்சட்டையோடு குந்தியிருந்தான். பக்கத்துக்கு ஒரு பொத்தான்.

"தீய எண்ணம் கொண்ட எவனோ தங்கள் திருக்குடிலை இழிவு செய்தான் எனக் கருதினேன். தாங்கள் கண்டால் நெஞ்சம் உடையும் என்று மறைத்தேன். ஆயினும் குடிலில் இருந்தவனை எறிய மனம் வரவில்லை. குளிருமே என்று…"

அசும்ப்தா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை! தியோ மேல உக்காராத! உள்ள இன்னும் பாக்கி இருக்கும்!"

அவள் பிள்ளைகளைப் பார்த்தாள், அம்மாளைப் பார்த்தாள், கம்பளிக்காரனைப் பார்த்தாள். பொங்கி வந்தது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. குட்ரூன் அம்மாளைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள். டோர்லைஃப் ஐயாவும் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

நர்சீஸ் அவள் காதில், "நேரமிருக்கு. சத்தமில்லாம கொண்டுபோய் ஆலைக்குப் பின்னால வச்சிடு. எவனுக்குத் தெரியப்போவுது?" என்றான்.

"உங்க தங்கச்சி பிள்ளைங்க இங்கதான நிக்குது?"

"வாய் நிறைய மிட்டாய். பூசை முடியறவரைக்கும் பேச்சு வராது."

அசும்ப்தா கொஞ்சம் யோசித்தாள். கொஞ்சம்தான். "வேணாங்க. பிறக்கப்போற குழந்தை முன்னால போய் பொய்யா? அது முதமுதலா கேக்கிறதே என் பொய்யா இருக்கணுமா?"

கோயிலில் கெரால்ட் குடில் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். ஊரே கூடியிருந்தது. அசும்ப்தா நடந்ததை நடந்தபடி சொன்னாள். கைக்குட்டையை விரித்தும் காட்டினாள். பீடத்துப் பக்கமிருந்து புறப்பட்ட முதல் சிரிப்பு சாமியுடையது. அப்புறம் கூரை பறந்தது.

"கால்சட்டையோட எப்படிப்பா இருப்பான்?" என்றார் தபால்காரர். "முட்டைக்கோசு என்னாவறது?"

"கழட்டுங்க, கழட்டுங்க!"

குட்ரூன் அம்மாளின் முகத்தைப் பார்த்த சாமி கையை உயர்த்தினார். "மூணு நாள் உக்காந்து பின்னியிருக்காங்க. இன்னைக்கு ஒரு ராத்திரி போட்டுக்கட்டும். அடக்கிக்குவான். காலையில கழட்டிடலாம்."

"அப்ப குழந்தையை யார் கிடத்தறது?" என்று ஒரு குரல்.

"முதல்ல கண்டுபிடிச்சவங்கதான். ஞாயித்துக்கிழமை காலையிலயே கண்டுபிடிச்சுட்டாங்களே!" என்றார் சாமி.

குட்ரூன் அம்மாள் குழந்தையைத் தூக்கி வந்தாள். வழக்கம்போல் அசும்ப்தாதான் பஞ்சைப் பிரித்து எடுத்துக் கொடுத்தாள். பூசை முடிந்ததும் பொம்மை அலமாரியின் சாவியைக் கெரால்ட்டின் கையில் வைத்தாள். சண்டைக்குத் தயாராக வந்திருந்த கெரால்ட் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"குடுத்துட்டியா, மதினி? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலியே?"

"சாமி சொன்னதுதான. பாசியை மட்டும் நிழல்ல காய வை. வெயில்ல வச்சா கருத்துடும்."

அசும்ப்தா, அடுத்த குளிர்காலம் பிறந்து காட்டில் பாசி பச்சை பிடித்தபோது, கையைத் துடைத்துத் துடைத்து அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள். விருந்தாளிகளுக்கு ரொட்டி ரெண்டு மடங்கு விழுந்தது. "பாவம், அவங்க வயிறு என்னத்துக்காகும்? தியோன்னு நெனச்சியா?" என்றான் நர்சீஸ்.

கெரால்ட்டின் குடிலில் மின்விளக்கு இருந்தது. மோட்டார் வைத்த அருவியும் இருந்தது. அசும்ப்தாவுக்கு அருவி பிடிக்கவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்படி நின்றது, அதற்குப் பிறகு இன்றுதான். பக்கத்தில் நின்ற தெக்லாவின் முழங்கை விலாவில் குத்தியது.

"அத்தை, தள்ளு! நான் முதல்ல!"

"நீ தள்ளுடி! எனக்குக் கண்ணு தெரிய வேணாமா?"

ஆலைக்குப் பின்னால் பார்த்தாள், கிணற்றில் பார்த்தாள், பாலத்துக்கு அடியில் மூக்கு பாசியில் உரசப் பார்த்தாள். இல்லை. தினமும் வந்தாள். குட்ரூன் அம்மாள்கூட, "அவ்வேழை நலமா?" என்று கேட்டு வாழ்த்து அட்டை போட்டிருந்தாள். யாருக்கும் அகப்படவில்லை. கெரால்ட் மார்பு விரியக் கடையில் நின்றாள்.

விழிப்பு நாளும் வந்துவிட்டது. பூசை மணி அடிக்கப்போகிறது. அசும்ப்தா தேடுவதை விட்டுவிட்டு, வெறுமனே தொட்டிலைப் பார்த்து ஜெபம் செய்ய நின்றாள். தொட்டிலைச் சுற்றி மேய்ப்பர்கள் முட்டிபோட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் ஆள், ரெண்டாவது ஆள், மூன்றாவது ஆளுக்கு ஓரமாகக் கொஞ்சமே தெரிகிற நீலக் கால்சட்டை. அதில் பனிப்பூ. தொப்பிக்கு மேல் ஒரு துண்டுத் துணி போட்டு, முன்னால் ஒரு ஆட்டுக்குட்டியை நிறுத்தி, ரொம்பப் பக்தியாக இருந்தான்.

அசும்ப்தா நேராகப் போய்க் கெரால்ட்டின் காதில் சொன்னாள். கெரால்ட்டின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"எப்படி மதினி? எல்லாரும் வெறும் பொச்சைத்தான் தேடுவாங்க, கால்சட்டை போட்டா கும்பிடுறவன்னு நெனச்சுக்குவாங்கன்னு நான்…"

"கும்பிடுறவன் முட்டி தரையில படும், கெரால்ட். இவன் முட்டி படலையே. எத்தனை வருஷமா இவனைக் குந்த வச்சிருக்கேன்! எனக்குத் தெரியாதா?"

கெரால்ட் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நல்லாத்தான ஒளிச்சேன்?"

"என்னைவிட நல்லா ஒளிச்ச. உங்கம்மா பார்த்திருந்தா அசந்திருப்பாங்க."

"அடுத்த வருஷம் பாசி பொறுக்க நீ வந்துடு, மதினி. அந்த ஈரத்தில முட்டிபோட என்னால ஆகாது."

"வரேன். ஆனா ஒளிக்கிறது நீதான். நான் தேடணும்."

பூசையில் சாமி அவள் பெயரைக் கூப்பிட்டார். கெரால்ட் பஞ்சைப் பிரித்துக் குழந்தையை அவள் கைகளில் வைத்தாள். இத்துனூண்டு களிமண், என்ன கனம் இருந்துவிடப் போகிறது? ஆனாலும் அசும்ப்தா தலை நிற்காத பிள்ளையைப் பிடிக்கிற மாதிரிக் கழுத்துக்கு அடியில் விரலைக் கொடுத்து, கோயில் நீளத்துக்கும் மெல்ல நடந்து வந்தாள். அவசரப்படவில்லை. தொட்டிலில் கிடத்தினாள். நெற்றியில் முத்தமிட்டாள்.

எழுந்திருக்குமுன், யாரும் பார்க்காதபோது, பக்கத்தில் பக்தியாக இருந்தவனின் பொத்தானைக் கழற்றிக் கால்சட்டையை இறக்கிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமையில இருந்து அடக்கிக்கிட்டிருக்க. போ ராசா" என்றாள்.